ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வந்தவர்

வாத்தியார் இருக்கிற வகுப்பின் சத்தம் வேறு, வாத்தியார் இல்லாத வகுப்பின் சத்தம் வேறு என்பதை எனக்குப் புரியவைத்தவர் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர்தான். அதுவரை சத்தம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டே இருப்பார். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பார்.

"எட்டு பி-யில ஆள் இல்ல சார்."

"தமிழய்யா இப்பத்தானே போனார்?"

"போனாரு. உள்ள போகல."

எட்டிப் பார்த்தால் தமிழய்யா வராந்தாத் தூணோரம் நின்று மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் சிரிப்போம். டீச்சர் சிரிக்க மாட்டார். அதற்குள் எழுந்து பாதி வழி போயிருப்பார்.

அறுபதுகளின் நடுவில் இருந்து கடைசி வரை நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நிர்வாகத்து உயர்நிலைப் பள்ளி. அரசாங்கம் மானியம் கொடுத்தது. நான் சயன்ஸ், அவர் கணக்கு. கால அட்டவணை போடுகிற வேலையும் என் தலையில் இருந்தது. எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் இருந்ததால் ஹெட்மாஸ்டர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். பதினெட்டு ஆசிரியர் இடங்கள். ஆள் இருந்தது பதினொன்று. பி.எஸ்ஸி. படித்த பையன்கள் எண்ணூர், மணலி என்று தொழிற்சாலைகளுக்குக் கெமிஸ்டாகப் போய்விடுவார்கள். அங்கே போகாதவன் மெட்ராஸில் குமாஸ்தா ஆவான். எங்கள் பள்ளிக்கு வந்து, தினமும் ரயிலுக்கு ஓடி, நிர்வாகம் கொடுக்கும்போது சம்பளம் வாங்கிக்கொள்ள யாரும் தயாராக இல்லை. ஏழு ஆள் குறைந்த அட்டவணையில் எப்படி எழுதினாலும் ஒரு நாளைக்கு ஐந்தாறு கட்டங்கள் காலியாக நிற்கும். ராத்திரி தூக்கத்தில்கூட அந்தக் கட்டங்கள் எனக்குத் தெரியும்.

டீச்சருக்கும் அவை தெரிந்தன. ஆனால் அவர் கவலைப்படவில்லை, நிரப்பினார். ஒன்பதாம் வகுப்புக்கும், அப்போது எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. பழைய காலத்தில் அது ஒரே கூடமாக இருந்தது. அந்தக் கதவைத் திறந்து வைத்து நிலைப்படியில் நிற்பார். இடது பக்கம் பதினொன்றுக்கு வடிவியல், வலது பக்கம் ஒன்பதுக்கு இயற்கணிதம். இந்தப் பக்கம் ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்து, அவர்கள் போட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் சிலர் தங்களுக்குச் சம்பந்தமில்லாத தேற்றங்களைக் காதில் விழுந்தே கற்றுக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்த வருஷம் அதைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா எந்த வகுப்பில் இருக்கிறார்?" என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் அவரைக் காப்பி குடிக்க அழைத்துப் போனார்.

ஹெட்மாஸ்டர் திருவள்ளூர்க்காரர். பெருமாள் கோவில் கைங்கரியக் குடும்பம். கெட்டவர் இல்லை. ரிசல்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார். நிர்வாகத்துக்குப் பயந்தவர்.

டீச்சர் எளாவூர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். தாத்தா காலம் வரை குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, எளாவூர்ச் சேரியிலேயே முதலாவதாகக் காலேஜுக்குப் போனவர். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பாசஞ்சர் வண்டியில் வந்து பாசஞ்சரில் போவார். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

இவ்வளவு செய்தவர் ஆறு வருஷமும் தற்காலிகம்தான். அந்தக் காலத்தில் இது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வழக்கம். ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாளில் தற்காலிக ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு ஆர்டர் வரும். இன்று மாலையோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள் என்று. ஜூனில் மறுபடி விண்ணப்பம், மறுபடி நியமனம். கோடை விடுமுறைக்குச் சம்பளம் தர வேண்டாம். வருஷம் தொடர்ச்சியாக இல்லாததால் நிரந்தரமும் ஆக்க வேண்டாம். நிர்வாகத்துக்கு இரட்டை லாபம். ஜூன் மாத முதல் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர், "இந்த ஆண்டு புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியை" என்று அவரை அறிமுகப்படுத்துவார். ஆறு தரம் அறிமுகப்படுத்தினார். மூன்றாவது வருஷத்திலிருந்து பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். டீச்சரும் ஒரு அடி முன்னால் வந்து புதியவரைப் போலக் கைகூப்புவார்.

ஒரு மே மாதம் நான் புதுவாயலுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். டயர் பஞ்சராகி வண்டி நின்றது. சாலையோர நிலத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்த்து எழுந்தார். டீச்சர். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சக்கரத்தைப் பார்த்தேன்.

"இன்னா சார், வண்டி படுத்துக்கிச்சா?" என்றார். பக்கத்திலிருந்த அம்மாவிடம், "எங்க ஸ்கூல் சயன்ஸ் சார்" என்றார்.

அந்த அம்மா கடலைச் செடியை உதறிக்கொண்டே, "நீ கீற ஸ்கூலு இன்னா ஸ்கூலு, வெயில் காலத்துல சோறு போடாத ஸ்கூலு" என்றார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். முந்தானையில் ஒரு கை நிறையப் பச்சைக் கடலை கொண்டுவந்து கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஜனவரியில் ஆங்கிலப் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. எத்தியோப்பியாவில் பள்ளிகள் நிறையத் திறந்துவிட்டார்கள், ஆசிரியர்கள் போதவில்லை. கணக்கும் சயன்ஸும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், ஒப்பந்தம், போகவர விமானச் செலவு, வேலை விசா எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பேப்பரை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தவன் நான்தான். வெளிநாட்டுக்காரன் வந்து நம் ஊரில் வாத்தியார் பொறுக்கிக்கொண்டு போகிறானே, நம்மிடமே ஏழு காலியிடம் இருக்கிறதே என்று எரிச்சலோடு படித்துக் காட்டினேன். சாயங்காலம் டீச்சர் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் போனார்.

நேர்காணல் மெட்ராஸில், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஓட்டலில். மறுநாள் வந்து அவரே சொன்னார். உள்ளே அந்த நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர், கோட்டு போட்டவர்கள், நல்ல உயரம். ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் ஏன் நூற்றெண்பது பாகை, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள் என்றார்களாம். டீச்சர் ஆரம்பித்தார். ஆனால் அறைக் கதவு திறந்திருந்தது. வெளி வராந்தாவில் முப்பது பேர் காத்திருந்தார்கள்.

"ஒரே இரைச்சல் சார். சுத்தமா வாத்தியார் இல்லாத கிளாஸ். அதுல முப்பது பேரும் வாத்தியாருங்க!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்னை அறியாம நிலைப்படிக்குப் போயிட்டேன். உள்ள ரெண்டு பேருக்கும் வெளிய முப்பது பேருக்கும் சேர்த்து நடத்தினேன். வெளிய ஒருத்தர் வாய மூடாம பேசிக்கினே இருந்தாரு. எழுப்பி விட்டுக் கேள்வி கேட்டேன். தப்பாச் சொன்னாரு."

தமிழய்யா பொடி டப்பாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அப்புறம்?"

"அந்த அதிகாரிங்களும் இப்பிடித்தான் சிரிச்சாங்க. வேலை போச்சுன்னு நெனச்சுக்கினு வந்துட்டேன்."

வேலை போகவில்லை. பிப்ரவரிக் கடைசியில் ஒப்பந்தம் வந்தது. மூன்று பிரதி. இரண்டு வருஷம், விடுமுறைக்கும் சம்பளம். எங்கள் பள்ளியில் ஆறு வருஷத்தில் கிடைக்காதது, அவர் காணாத ஒரு ஊரிலிருந்து தபாலில் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு நான் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். மடிப்பு கோணலாகிவிட்டது என்று மறுபடி பிரித்து மடித்தேன்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிள் பள்ளிக்கு வந்தார். நடத்தை எப்படி என்று என்னைக் கேட்டார். நான் நல்லபடியாகச் சொன்னேன். "எல்லாம் சரி சார், பொம்பளைப் புள்ள தனியா அபிசீனியாவுக்கு இன்னாத்துக்கு சார்? அங்க சிங்கம் கீதாமே" என்றார். எத்தியோப்பியாவை அப்போது ஊரில் அபிசீனியா என்றுதான் சொல்வார்கள். அன்று டீச்சரின் அப்பாவும் மகளோடு வந்திருந்தார். காக்கிச் சட்டை, கையில் துணிப்பை. கான்ஸ்டபிள் போன பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சார், அந்த ஊருக்கு ரயிலு போவுமா?"

"பம்பாய் வரை ரயில். அங்கிருந்து விமானம்."

"நம்ம கேங்கு பாத்துக்கிற லைனு நாலு மைலு சார். அதுல போற வண்டி ஒண்ணும் கவுந்தது கெடையாது. அதுக்கு மேல எவன் பாத்துக்கிறானோ."

"நைனா, சும்மா இரு" என்றார் டீச்சர்.

ஒரு சிக்கல்தான் பாக்கி இருந்தது. இப்போது வேலை பார்க்கிற பள்ளி அந்த வருஷத்தோடு விடுவித்த ஆர்டரைக் காட்டினால்தான் விசா. மார்ச் மாதம் ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டார். நானும் அறையில் இருந்தேன். ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க போயிட்டா என் பதினோராம் கிளாஸ் என்னம்மா ஆறது? நான் தர மாட்டேன். இந்த ஏப்ரல்ல உங்களை நிறுத்தவே போறதில்லை. தாளாளர்கிட்ட பேசிட்டேன்."

தாளாளர் ரைஸ் மில் முதலாளி. மறுநாளே காரில் வந்தார். டீச்சரை உட்காரச் சொன்னார். ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் பார்த்தது அன்றுதான்.

"உன்னை நிரந்தரம் ஆக்கிடறேன்மா. லீவு சம்பளம் உண்டு. போதுமா?"

"எழுதிக் குடுங்க சார்."

"ஏன், என் வார்த்தை போதாதா?"

"அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க சார்."

தாளாளர் எழுந்துவிட்டார். கார்க் கதவைச் சாத்திய சத்தம் எங்களுக்கு உள்ளே வரை கேட்டது. எழுதியும் கொடுக்கவில்லை, விடுவிக்கவும் இல்லை. ஏப்ரல் முழுக்க அப்படியே போயிற்று. டீச்சர் நிலைப்படியில் நின்று பாடம் நடத்தினார். பரீட்சை முடியும் வரை சனிக்கிழமைகளிலும் வந்து பதினொன்றாம் வகுப்பைத் தயார் செய்தார். ஒரு நாள் சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பசங்கள நெனச்சாத்தான் சார் எனக்குத் தூக்கம் வரல. ஆனா எந்த வருஷமாவது நானா விட்டுட்டுப் போயிருக்கேனா? இவங்கதானே அனுப்பறாங்க." அவரைப் போகவிடக் கூடாது என்று எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. அட்டவணை என்னுடையது அல்லவா? இன்னொரு பக்கம் வேர்க்கடலை நிலம் கண்ணில் நின்றது.

ஏப்ரல் கடைசி வேலை நாள். மதியம் பியூன் வழக்கம்போல ஆசிரியர் அறைக்கு வந்தார். கையில் ஆர்டர்கள், பக்கத்தில் கையெழுத்துப் புத்தகம். தற்காலிகக்காரர்கள் நான்கு பேர். நான்காவதாக டீச்சர் பேரைக் கூப்பிட்டார்.

டீச்சர் வாங்கிப் படித்தார். இன்று மாலையோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். கீழே ஹெட்மாஸ்டர் கையெழுத்து. பிறகு கையெழுத்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

நடந்தது இதுதான். குமாஸ்தா போன வருஷத்து நகல்களை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி நான்கையும் டைப் அடித்துவிட்டார். வருஷா வருஷம் செய்கிற வேலை, அவருக்கு யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் வருஷா வருஷம் போடுகிற மாதிரி அடுக்கோடு கையெழுத்துப் போட்டுவிட்டார். யார் பேர் என்று பார்க்கவில்லை. பார்த்துப் பழக்கமில்லை.

விஷயம் காதுக்கு எட்டி, பத்து நிமிஷத்தில் ஹெட்மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அம்மா, அது தவறுதலா வந்துடுத்து. அதை இப்படிக் குடுங்கோ."

டீச்சர் அதை அதற்குள் கைப்பையில் வைத்துவிட்டார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா தவறாம குடுக்கறீங்க சார். அஞ்சு தரம் சரியா இருந்தது, இந்தத் தரம் மட்டும் எப்படித் தப்பாவும்?"

"என் நிலைமை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதான் உங்க மேல எனக்குக் கோவமே கெடையாது."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். பியூன்தான் பேசினார். "வுடுங்க சார். கையெழுத்து வாங்கினாச்சு, புஸ்தகத்துல ஏறிப்போச்சு. இன்னும் இன்னா பண்ணுவீங்க?"

ஜூனில் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் உண்மையிலேயே புதிதாக வந்த ஒரு பையனை அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் அன்றும் பழக்கத்தில் சிரித்தார்கள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆகஸ்டில் அவன் எண்ணூருக்குப் போய்விட்டான். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்தினோம். அந்த வருஷம் கணக்கில் எத்தனை பேர் ஃபெயிலானார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எழுத மனமில்லை.

இரண்டு வருஷம் முடித்து, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீச்சர் விடுமுறையில் வந்தார். ஒரு ஜூலை மாதம் முன்னறிவிப்பில்லாமல் ஆசிரியர் அறையில் வந்து நின்றார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். எல்லோருக்கும் பொட்டலம் பொட்டலமாகக் காப்பிக்கொட்டை. எளாவூரில் ஓட்டு வீடு கட்டுகிறார்களாம். ஹெட்மாஸ்டர் கொட்டையை முகர்ந்து பார்த்து, "ஆஹா" என்றார்.

அந்த ஊரைப் பற்றிக் கேட்டோம். மலை மேலே இருக்கிற ஊர், ஆகஸ்டில் பல் கிட்டுகிற குளிர். ஒரு வகுப்பில் எழுபது பேர், பாதிப் பேருக்கு மீசை. புளித்த மாவில் முறம் அகலத்துக்கு ஒரு தோசை சுடுவார்கள். பள்ளியில் கேரளாக்காரர்கள் மூன்று பேர், வங்காளி ஒருவர், இவர்.

"ஒரு நாள் ஒரு பையன் எழுந்து நின்னு இங்கிலீஷ்ல கேட்டான் சார். டீச்சர், உங்க நாட்டுல வாத்தியாருங்க மிச்சமா இருக்காங்களா, அதனாலதான் எங்களுக்கு அனுப்பறாங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"புஸ்தகத்தைத் தெறன்னு சொன்னேன்."

அப்போது மணி அடித்தது. மூன்றாவது பீரியட். கொஞ்ச நேரத்தில் தெற்குப் பக்கத்திலிருந்து இரைச்சல் கிளம்பியது. பெஞ்சு இழுபடும் சத்தம், யாரோ விசிலடித்தார்கள். எங்களுக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமலா? பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார். பியூன் வாசலில் வந்து நின்றார்.

"சார், பதினோராம் கிளாஸ்ல யாரும் இல்ல. பசங்க பெஞ்சு மேல ஏறிக்கினு பேஜார் பண்றானுங்கோ." பிறகு டீச்சரைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம டீச்சரே கீறாங்களே!"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். ஹெட்மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "கணக்குப் பீரியட்தான். ஒரே ஒரு பீரியட். பசங்க ரொம்ப சந்தோஷப்படுவா."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மேஜை மேல் இருந்த சாக்பீஸ் டப்பாவின் பக்கம் கை போனது. பிறகு கையை இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"சார், நான் லீவுல வந்திருக்கேன். சம்பளத்தோட லீவு. என் ஆயுசுல இதுதான் மொதல் லீவு. இதுல நான் வேலை செய்ய மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரியைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஹெட்மாஸ்டருக்குக் கணக்கு வராது, வரலாற்று ஆசிரியராக இருந்து அந்த இடத்துக்கு வந்தவர். டப்பாவை அவரே எடுத்துக்கொண்டு வராந்தாவில் இறங்கிப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இரைச்சல் உடனே அடங்கவில்லை. டீச்சர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காப்பிக்கொட்டையை எப்படி வறுக்க வேண்டும் என்று தமிழய்யா ஏதோ கேட்டார். டீச்சர் காதில் அது விழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, சத்தம் முழுக்க நிற்கும் வரை அசையாமல் இருந்தார். மேஜைக்குக் கீழே கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.